பெருங்காய டப்பாவில் சர்க்கரை

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் எனக்கு ஸ்டோர்ஸ் வேலை. எந்த போல்ட் எந்த ரேக்கில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வைத்த பொருள் வைத்த இடத்தில் இல்லையென்றால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அப்பா போனபிறகு அம்மாவைப் பூந்தமல்லியிலிருந்து திருநின்றவூருக்கு, என் வீட்டுக்கே கூட்டி வந்தேன். பத்தே நாளில் சமையலறை அம்மாவுடையதாகிவிட்டது. பெருங்காய டப்பாவில் சர்க்கரை, சர்க்கரை டப்பாவில் ரவை. அவசரத்தில் டீயில் ரவையைப் போட்டுக் குடித்த அன்று, எல்லாவற்றையும் கொட்டிக் கழுவி, டப்பாவுக்கு டப்பா லேபிள் ஒட்டினேன். மறுநாளிலிருந்து அம்மா அடுப்பங்கரைப் பக்கமே வரவில்லை.

ஒரு மாதம் கழித்து, "குத்தம்பாக்கத்துல உன் தம்பி ஊட்டுக்கே போயிடறேன்" என்று துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். எனக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் பயம் வந்தது. அம்மா இல்லாத வீட்டுக்குத் திரும்பி வருவதை நினைக்கவே முடியவில்லை.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, எஸ்டேட்டில் சும்மா கிடந்த ஒரு ஷெட்டில் கண்காட்சி என்று கேள்விப்பட்டு அம்மாவை ரயிலில் அழைத்துப் போனேன். தகவல்களை எப்படிச் சேர்க்கிறோம், எப்படி அடுக்குகிறோம் என்பதுதான் விஷயமாம். ஒழுங்கு என்றால் என்னவென்று அம்மாவும் பார்க்கட்டும் என்ற அல்ப எண்ணமும் எனக்கு இருந்தது.

உள்ளே சுவர் முழுக்க இழுப்பறைகள். 'பூட்டு தொலைந்த சாவிகள்', 'திருப்பித் தராத டிபன் பாக்ஸ் மூடிகள்', 'கூப்பிடத் தயங்கிய நம்பர்கள்' என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருந்தது. நடு மேசையில் ஆறு டப்பாக்கள். உள்ளே இருப்பதைத் திறக்காமல் சொல்ல வேண்டும். நான் லேபிளைப் படித்துச் சொன்னேன். ஆறும் தப்பு. அம்மா குலுக்கிப் பார்த்தாள், மூடியோரம் முகர்ந்தாள், ஆறையும் சொல்லிவிட்டாள்.

கண்காட்சியை அமைத்த பெண், அதெப்படி என்று கேட்டாள்.

"லேபிளப் பாத்தா ஏமாந்துடுவம்மா. எங்கூட்ல பெருங்காய டப்பாலதான் சக்கர இருக்கும். எங்கூட்டுக்காரருக்கு சுகரு. கண்ல பட்டா அள்ளி வாயில போட்டுக்குவாரு. பெருங்காயத்த மட்டும் தொடமாட்டாரு." சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள்.

டப்பா மாற்றி வைப்பது அம்மாவின் சோம்பேறித்தனம் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். ரொம்ப வெட்கமாக இருந்தது.

கடைசி இழுப்பறையில், 'எங்கே வைப்பதென்று தெரியாத காகிதங்கள்' என்றிருந்தது. யார் வேண்டுமானாலும் ஒன்றைப் போடலாமாம். என் கைப்பையில் அப்படியொன்று இருந்தது. கரன்ட் பில்லுக்கு ஒன்று, கேஸுக்கு ஒன்று என்று வீட்டில் ஃபைல் போட்டு வைத்திருப்பவள், அதை மட்டும் நாலாக மடித்துத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். வெளியே எடுத்ததும் அம்மா வாங்கிப் பிரித்தாள். என் ரத்தப் பரிசோதனைச் சீட்டு. அப்பாவுக்காக இருபது வருஷம் அந்த எண்களைப் படித்தவள் அம்மா.

"இது வெறும் வயித்துல பாத்ததா?"

"ஆமா."

"மாத்திர குட்த்தாங்களா?"

"இன்னும் இல்லமா. பார்டர்லதான் கீதாம்."

"எத்தினி நாளா பைல வெச்சினு சுத்தற?"

"மூணு வாரமா."

அம்மா சீட்டை இழுப்பறையில் போடவில்லை. தன் பர்ஸில் வைத்துக்கொண்டாள். ரயிலில் ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். இந்த நிலைமையிலும் விட்டுவிட்டுப் போய்விடுவாளோ என்று திருநின்றவூர் வரும்வரை மனதுக்குள் பொருமிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் சொன்னாள். "தம்பிக்கு போன் போட்டு நா வரலன்னு சொல்லு."

மறுநாள் காலை டீ போடலாமென்று சர்க்கரை டப்பாவைத் திறந்தேன். ரவை இருந்தது. பெருங்காய டப்பாவில் பெருங்காயமே இருந்தது. மிளகு, சீரகம், வெந்தயம் என்று ஒன்று விடாமல் திறந்து பார்த்துவிட்டேன்.

"எம்மா, சக்கர எங்க?"

"கீது" என்றாள் அம்மா. எங்கே என்று சொல்லவில்லை. இனிப்பில்லாத டீயை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள். தேடிய பொருள் கிடைக்காமல் நான் சந்தோஷப்பட்டது அன்றுதான்.