பக்கந்தான் என்றார் அப்பா

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்த உறவினர்களாகிய நீங்கள் பலரும் அண்ணன் கையையும் என் கையையும் பிடித்துக்கொண்டு, "கார்லயே காசி வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டு வந்துட்டீங்க, எந்தப் புள்ளைங்க இப்படிச் செய்யும்?" என்று மெச்சினீர்கள். நாங்களும் தலையாட்டி வாங்கிக்கொண்டோம். அந்தப் பாராட்டு எங்களுக்கு உரியதல்ல. அதைத் திருப்பித் தரத்தான் இந்த நினைவஞ்சலியை எழுதுகிறேன்.

அப்பா கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். பாகம் பிரித்தபோது அவர் பங்குக்கு வந்த நிலத்தில் கிணறு இல்லை. அதனால் இருபது வயதிலேயே லாரி ஏறிவிட்டார். நம் ஊர்த் தேங்காயை ஏற்றிக்கொண்டு நாக்பூர், இந்தூர் என்று போவார். போனால் வீடு திரும்ப மூன்று வாரம் ஆகும். குடித்ததில்லை. வண்டியில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று சொல்லிக்கொள்வதில் அவருக்குப் பெருமை அதிகம். அண்ணனை இன்ஜினீயராக்கித் துபாய்க்கு அனுப்பினார். என்னை ஆசிரியையாக்கித் திருமயத்தில் கட்டிக்கொடுத்தார்.

நம் பக்கத்தில் கிளம்புகிறவரைப் பார்த்து "எங்கே" என்று கேட்கமாட்டோம். கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். "தூரமா?" என்றுதான் கேட்போம். அம்மாவும் ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று "தூரமாங்க?" என்பார். நாக்பூருக்குப் போனாலும் அப்பா "பக்கந்தான்" என்பார். போய்ச் சேருவதற்கு முன்னால் ஊர்ப் பெயரை வாயால் சொல்லவே மாட்டார். லாரியில் பிடித்துக்கொண்ட பழக்கம் அது. நாங்களும் அவரை எங்கே என்று கேட்காமலே வளர்ந்தோம்.

அப்பா மறைவதற்கு முந்தின ஆண்டு மே மாதம் அண்ணனும் அண்ணியும் லீவில் வந்தார்கள். பள்ளி விடுமுறைக்கு நானும் வந்திருந்தேன். காசிக்குப் போகலாம் என்று பேச்சு எழுந்தது. விமானம் வேண்டாம், கார் போதும், அதுவும் நாலுவழிச் சாலை வேண்டாம், பழைய ரோட்டிலேயே போகவேண்டும் என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். வாழ்நாளில் அவர் எங்களிடம் கேட்டது அது ஒன்றுதான். சின்னச் சாலைகளை வீடியோ எடுத்துப் போட்டால் நிறையப் பேர் பார்ப்பார்கள் என்று அண்ணன் சம்மதித்தார்.

கிளம்புகிற அன்று அப்பா கொல்லையில் பலா மரத்தடியில் வெகுநேரம் நின்றார். ஒவ்வொரு காயாகத் தட்டிப் பார்த்து, ஒன்றை இறக்கிச் சாக்கில் சுற்றி டிக்கியில் வைத்தார். "நாலாம் நாளுக்குச் சரியாப் பழுத்துரும்" என்றார். "நாலாம் நாளு யாருங்க திங்கிறது?" என்று அம்மா கேட்டார். அப்பா சிரித்ததோடு சரி.

நாற்பது வருடம் ஸ்டியரிங் பிடித்தவரைப் பின்சீட்டில் உட்கார வைத்தோம். லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை என்று அண்ணன் காரணம் சொன்னார். வளைவு வரும்போதெல்லாம் அப்பாவின் வலது கால் இல்லாத பிரேக்கை மிதிக்கும். அதைப் பார்த்து நாங்கள் சிரிப்போம். மூன்று நாளும் அவர் எங்களுக்கு ரோட்டைச் சொல்லிக்கொண்டே வந்தார். எந்தப் பாலம் வெள்ளத்தில் போனது, எந்த ஏற்றத்தில் வண்டி மூச்சுவாங்கும் என்று அவர் சொன்னவற்றில் பாதியை நாங்கள் காதில் வாங்கவில்லை. அம்மா மட்டும் கேட்டுக்கொண்டு வந்தார்.

நாலாம் நாள் மகாராஷ்டிரத்துக்குள் நுழைந்தோம். பருத்தி எடுத்து முடிந்த காடு இரண்டு பக்கமும் காய்ந்து கிடந்தது. அப்பா சட்டையை மாற்றித் தலை சீவியிருந்தார். முன்னால் சாய்ந்து அண்ணன் தோளைத் தொட்டு, "தம்பி, ஒரு ரயில்வே கேட்டு வரும். தாண்டுனதும் சோத்தாங்கைப் பக்கம் மண்ரோடு. அதுல கொஞ்சம் திரும்புப்பா" என்றார்.

"தூரமாப்பா?"

"தூரமில்லப்பா, பக்கந்தான்."

"நாக்பூரையே பக்கந்தான்னு சொன்ன ஆளுதானே நீங்க! போன்ல அப்படி ஒரு ரோடே காட்டலப்பா. நாக்பூர்ல ரூம் போட்டிருக்கு. திரும்பி வரயில பாத்துக்கலாம்."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். கேட் வந்தது, போனது. அப்பா திரும்பிப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் பழத்தின் வாசம் கார் முழுக்க அடைத்துக்கொண்டது. அண்ணிக்குக் குமட்டியது. ஒரு பெட்ரோல் பங்கில் அண்ணன் சாக்கோடு தூக்கிக் குப்பைத் தொட்டி ஓரம் வைத்தார். அப்பா இறங்கிப் போய், பழத்தை மட்டும் எடுத்து ஒரு மரநிழலில் வைத்துவிட்டு வந்தார்.

காசியில் பிடித்த பொருள் ஒன்றை விட்டுவிட்டு வரவேண்டும் என்பது வழக்கம். அம்மா பாகற்காயை விட்டார். அப்பா பலாப்பழத்தை விட்டார். "கீரமங்கலத்தான் பலாப்பழத்த விடுறதாவது!" என்று அதற்கும் சிரித்தோம். அண்ணனை வேலைக்குச் சீக்கிரம் வரச் சொல்லிவிட்டதால் திரும்பும்போது நாலுவழிச் சாலையிலேயே பறந்து வந்தோம். அந்த கேட் எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை.

ஓராண்டுக்கு முன் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்சில் ஏற்றும்போது, கைப்பழக்கம்போல வாய்ப்பழக்கமாக அம்மா "தூரமாங்க?" என்று கேட்டுவிட்டார். அப்பா "பக்கந்தான்" என்றார். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். பிறகு இல்லை.

பதினாறாம் நாள், அப்பாவோடு ஒரே லாரியில் மாற்றி மாற்றி ஓட்டிய ஆலங்குடி மாமா என்னைத் தனியே அழைத்தார்.

"காசிக்குப் போனப்ப, அந்த வீட்டுல பழத்தைக் குடுத்துட்டுத்தானே போனீங்க ஆத்தா?"

"எந்த வீடு மாமா?"

மாமா என்னையே பார்த்தார். பிறகு சொன்னார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அந்தப் பருத்திக் காட்டு ரோட்டில் அப்பாவுக்கு மஞ்சள்காமாலை முற்றிவிட்டதாம். "லோடு நிக்குது, நான் போயாகணும். முன்னப் பின்ன தெரியாத ஒரு வீட்டுல ஒங்கப்பனைப் போட்டுட்டுப் போனேன். திரும்பி வர பதினோரு நாளாச்சு. நான் பொணத்தைத்தான் எடுக்கப் போறேன்னு நெனச்சேன் ஆத்தா. அந்த வீட்டு அம்மா சோளக்கஞ்சி ஊத்தி உக்கார வச்சிருந்துச்சு. பொண்டாட்டி புள்ளையளோட வந்து எங்க ஊருப் பலாப்பழம் தாரேன்னு ஒங்கப்பன் சொல்லிட்டு வந்தான்."

தெரிந்தால் அம்மா மறுபடி லாரி ஏற விடமாட்டார் என்று இதை அப்பா வீட்டில் மறைத்திருக்கிறார். ஊர்ப் பெயர் மாமாவுக்கும் தெரியவில்லை. "வாயில நுழையாத பேரு" என்றார்.

சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அண்ணனும் அதையேதான் சொன்னார். சேருமுன் சொல்லாதவர் அவர். கிளம்பியவரைக் கேட்காதவர்கள் நாங்கள். ஆனால் பழக்கத்தின் மேல் பழிபோட்டுத் தப்பிக்க எனக்கு மனமில்லை. தலை சீவி, சட்டை மாற்றி உட்கார்ந்திருந்த மனிதரை ஐந்து நிமிடம் திரும்பிப் பார்த்திருந்தால் போதும். நாங்கள் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் வெறுப்பாக இருக்கிறது.

இதை அச்சில் போடலாமா என்று அண்ணனிடம் போனில் கேட்டேன். "கார்ல நான் சொன்னதையும் அப்படியே போடு" என்றார்.

ஆம்புலன்சுக்கு ஓடிவந்த பக்கத்து வீட்டாருக்கும், ஆஸ்பத்திரியில் உடனிருந்த ஆலங்குடி மாமாவுக்கும், தோள் கொடுத்த பங்காளிகளுக்கும், பதினாறு நாளும் அம்மாவைத் தனியே விடாத சித்திக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

எங்கள் அப்பாவைப் பதினோரு நாள் காப்பாற்றி எங்களுக்குத் திருப்பிக் கொடுத்த வீட்டாருக்கும் நன்றி சொல்லவேண்டும். அவர்கள் பெயரை எழுதவேண்டிய இடம் இது. நாங்கள் கேட்கவில்லை.

வீட்டார் பெயர்: ……………………

ஊர்: ……………………