ஓரகத்திக்குக் கிடைத்த பால்கனி

சின்னவளுக்கு வீடு கிடைத்துவிட்டதாம். வேலைக்குப் போகிற குடும்பங்கள் வாடகைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடக் கூடாதென்று நகராட்சி கட்டிய வீடுகளில் ஒன்று. அதுவும் மூன்றாம் மாடி, பால்கனியோடு. வாட்ச்மேன் சொன்னதாகப் பால்காரர் சொல்ல, அதைக் கேட்டுவந்த பக்கத்து மேசைக்காரி, ஓட்டல் சலவைக்கூடத்தில் பெரியவளின் காதில் போட்டாள். இத்தனை வாய் மாறி வருவதற்குள் ஒரு பால்கனி இரண்டாகியிருந்தது.

“ரெண்டா?” பெரியவளின் கையில் இஸ்திரிப்பெட்டி அப்படியே நின்றுவிட்டது.

“ஒண்ணு துணி காயப்போட, இன்னொண்ணு நின்னு வேடிக்கை பாக்க. ஐயோ அக்கா, விரிப்பு கருகுது!”

கருகியது விரிப்பா வயிறா என்று பக்கத்து மேசைக்காரி கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாததா?

பெரியவளும் சின்னவளும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் இவள், தம்பியைக் கட்டியவள் அவள். ஒரே கட்டடம், ஒரே மாடி, எதிரெதிர்க் கதவு. சின்னவள் புது மிக்ஸி வாங்கினால், இவளுடைய பழைய மிக்ஸி அன்றைக்கே இரைச்சல் போட ஆரம்பிக்கும். சின்னவளின் பிள்ளை நல்ல மார்க் வாங்கினால், இவள் பிள்ளைகளுக்கு அன்று வீட்டில் அர்ச்சனை. ‘முன்னால் முளைத்த காதைவிடப் பின்னால் முளைத்த கொம்புக்குத்தான் வலு’ என்று அவள் சலித்துக்கொள்ளாத நாளில்லை.

அந்தக் கட்டடத்தைத்தான் விற்றுவிட்டார்கள். வாங்கியவர் இடித்துக் கட்டப் போகிறார். அதன்பின் அவர் கேட்கப்போகும் வாடகைக்குப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் சம்பளத்தையும் கொட்டினாலும் வாசற்படியில்தான் நிற்கலாம். நகராட்சி வீடு கிடைக்காவிட்டால் ஊர்க்கோடிதான் கதி. ஓட்டலில் இவள் வேலை தொடங்கும் நேரத்துக்கு அங்கிருந்து முதல் பஸ்ஸே கிளம்பாது. வீடு போனால் வேலையும் கூடவே போகும்.

இடநெருக்கடியில் இருப்பவர்களுக்கே முதலில் வீடு என்பது ஊரறிந்த விதி. இரண்டு வீட்டாரும் மனுப் போட்டிருக்க, அந்த நெருக்கடியைப் பார்க்கத்தான் சில வாரங்களுக்கு முன் நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வந்தவர் நேரே சின்னவளின் வீட்டுக்குள் நுழைந்ததைக் கதவிடுக்கு வழியாகப் பெரியவள் பார்த்தாள். அங்கேதான் புத்தி பிசகியது. அந்த வீட்டைப் பார்த்த கண்ணோடு இந்த வீட்டுக்கு வருவாரே, அதைவிட இது ஒரு படி மேலே தெரிய வேண்டாமா?

மாமனாரை டீக்கடைக்குத் துரத்தினாள். மூன்று பிள்ளைகளையும் மொட்டைமாடிக்கு விரட்டினாள். ஓட்டலில் பழகிய கையல்லவா? மெத்தைகளைச் சுருட்டி, மிதித்து, கட்டிலுக்கடியில் சொருகினாள். ஆறு பேர் துணியையும் ஓரம் பிசகாமல் மடித்து ஒற்றை அலமாரிக்குள் அடக்கிவிட்டாள். அதிகாரி வந்து பார்த்தபோது நடு அறையில் ஒரு நாற்காலியும் நிறைய வெளிச்சமும் மட்டுமே இருந்தன.

“எதிர்வீட்ல கால் வைக்க இடமில்லம்மா. தூங்குற குழந்தையை மிதிச்சிருப்பேன். உங்க வீடு நல்லா விசாலமா இருக்கே!”

“எங்களுக்கு இது தாராளம் சார்” என்றாள் பெரியவள். சின்னவளின் வீட்டில் கால் வைக்க இடமில்லை என்ற அந்த ஒரு வார்த்தையை ஒரு வாரம் மென்று சுவைத்தாள்.

இப்போது வீடு சின்னவளுக்கு. இவளுக்கு, ‘இருக்கும் இடமே போதுமென்று நீங்களே சொன்னீர்களே’ என்ற பதில்.

“அழகுப் போட்டின்னு நெனச்சியா?” டெம்போ ஓட்டிவிட்டு வந்த புருஷன் தலையில் கைவைத்துக்கொண்டான். “ஃபெயிலானாத்தான் வீடுன்னு ஊருக்கே தெரியும். நீ மட்டும் ஃபர்ஸ்ட் கிளாஸ்ல பாஸ் பண்ணிட்டு வந்து நிக்கிற!”

காலி செய்துவிட்டுப் போகும் அன்று சின்னவள் கதவைத் தட்டினாள். “அக்கா, கெளம்புறோம். ஒருநாள் பிள்ளைங்களோட வாங்க.”

பெரியவள் எழுந்திருக்கவில்லை. மகளுக்குக் கண்ணைக் காட்டினாள். அந்தப் பெண் கதவைத் திறந்து, “அம்மாவுக்குத் தலைவலின்னு சொல்லச் சொன்னாங்க சித்தி” என்றாள், முழு மாடிக்கும் கேட்கும்படி.

சின்னவள் படியிறங்கும் சத்தம் கேட்டது.

வெட்கத்தை விட்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போய் நின்றாள் பெரியவள். அதே அதிகாரி. நல்ல மனுஷன், திட்டவில்லை.

“உங்க வார்த்தையை நீங்களே மாத்துனா யாரும்மா நம்புவாங்க? அங்க ஆறு பேர் படுக்கிறதைப் பார்த்த யாராவது நாளைக்குள்ள நேர்ல வந்து சொல்லட்டும். மறுபடி வந்து பாக்குறேன். எதிர்வீட்டுக்காரங்க இருந்தாக்கூடப் போதும்.”

எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. அந்த மாடியில் மற்றவர்கள் எப்போதோ காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். இந்த ஆறு பேரும் கால் நீட்ட இடமில்லாமல் படுப்பதை உள்ளே வந்து பார்த்தவள் உலகத்தில் ஒருத்திதான்.

“தம்பிகிட்ட நான் பேசட்டுமா?” என்றான் புருஷன்.

“வேண்டாம். அவர் அவகிட்டதான் கேப்பாரு. அதுக்கு நானே கேட்டுத் தொலைக்கிறேன்.”

சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்று போனில் சின்னவளின் எண்ணை அழுத்தினாள். மணி போனது. அந்த நேரத்திலும், புது வீட்டில் அந்தச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பும் அளவுக்கு இடமிருக்கும் என்று நினைத்தாள். மணி நின்றது. மறுபடி அழுத்தினாள்.

“எடுக்கலையா?”

“எடுக்க மாட்டா” என்றாள் பெரியவள், போனைக் காதிலிருந்து எடுக்காமலே. “நானா இருந்தா எடுப்பேனா?”

மணி போய்க்கொண்டிருந்தது.