இருட்டு சொன்ன ஓம்

பல்கலைக்கழகத்தில் விரிவுரையின் நடுவே "விளங்குதா?" என்று கேட்பேன். மண்டபமே ஒரே குரலில் "ஓம் சேர்" என்று ஆமோதிக்கும். எனக்கு எரிச்சல் வரும். விளங்கியவர்கள் இப்படிக் கோரஸ் பாட மாட்டார்கள்.

அன்று மோட்டார் சைக்கிளில் கல்முனையைத் தாண்டும்போதே கடல் கறுத்துக் கிடந்தது. வகுப்பு தொடங்கியதும் மாரி மழை ஜன்னல்களை மூடியது, கரண்டும் போயிற்று. முன்வரிசை முகங்கள்கூடத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் இருட்டைப் பார்த்துப் பேசினேன். பிறகு பாதி வசனத்தில் வேண்டுமென்றே நிறுத்தினேன். ஏன் என்று யாராவது கேட்கட்டுமே என்று வாய்மூடி நின்றேன். மழை மட்டும் இரைந்தது.

"ஓம் சேர்" என்றது இருட்டு.

நான் எதையும் கேட்கவேயில்லை. கரண்ட் வந்தபோது, எல்லோரும் பேனாவைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு விரிவுரையாளர்களுக்குக் கூட்டம். மாணவர்களை வகுப்பில் வாய் திறக்க வைப்பது எப்படி என்று எங்கள் பீடத்தின் தலைவரான பீடாதிபதி நெடுநேரம் விளக்கினார். நான் ஜன்னலுக்கு வெளியே ஒழுகும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் அவர் தண்ணீர் குடிப்பதற்காகப் பேச்சை நிறுத்தினார்.

"ஓம் சேர்" என்றோம்.