டீச்சர் கொண்டு வந்த வடை

அந்த வேனின் ரேடியோக் குமிழ் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. காலையில் குண்டசாலையை நெருங்கும்போது செய்தி தொடங்கும். வேன் ஓட்டும் அண்ணனின் இடது கை தன்பாட்டில் போய் அதை நிறுத்திவிடும். திகனையிலிருந்து பேராதனைக்கு வேலைக்குப் போகிற நாங்கள் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று கலந்து உட்கார்ந்திருப்போம். "வேனுக்குள்ள அரசியல் வேணாங்க. எறங்கிப் போய் அடிச்சுக்குங்க" என்பார் அண்ணன். மீறிப் பேசுகிறவர் மறுநாள் எல்லாருக்கும் உளுந்து வடை வாங்கி வர வேண்டும். தேர்தல் காலங்களில் வடை தின்றே கொழுத்தோம். எனக்கு அந்தச் சட்டம் மிகவும் பிடித்திருந்தது. வீட்டில்கூட அப்படியொரு நிம்மதி கிடைத்ததில்லை.

திகனைப் பக்கம் கலவரத்தில் முஸ்லிம்களின் கடைகள் எரிக்கப்பட்டு, ஊரடங்கு நீங்கியபின் வேன் ஓடிய முதல் நாள், வழக்கமாக வருகிற முஸ்லிம் டீச்சர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவருடைய கணவரின் துணிக்கடை எரிந்தது எல்லாருக்கும் தெரியும். ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். செய்தி தொடங்கியது, அண்ணனின் கை குமிழுக்குப் போனது.

"நிப்பாட்டாதீங்க அண்ணே. எங்கட கடையப் பத்தித்தான் சொல்றாங்க" என்றார் டீச்சர்.

பின் சீட்டிலிருந்த ஆபீஸ் கிளாக்கர் ஐயா, பழக்க தோஷத்தில், "டீச்சர், நாளைக்கு வடை!" என்றுவிட்டார். சொன்ன வாயை அவரே பொத்திக்கொண்டார். அண்ணன் தடுமாறிப் போய்க் குமிழைத் திருகி நிறுத்தினார்.

மறுநாள் டீச்சர் சூடான வடைப் பொதியோடு ஏறினார். ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே கொடுத்தார். "எடுங்க, எல்லாருக்கும் ஒரே சட்டம்தானே" என்றபோது முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. அண்ணன் தன் வடையைத் தின்னாமல் இடது கையில் வைத்துக்கொண்டே கியரை மாற்றினார். குண்டசாலையில் செய்தி தொடங்கியது. அந்தக் கை குமிழுக்குப் போகவில்லை. பேராதனை வரை வடையை மென்றபடி கேட்டுக்கொண்டு போனோம்.

டீச்சர் எங்களை மன்னித்தாரா, கன்னத்தில் அறைந்தாரா? அண்ணனுக்கு மனம் மாறியதா, கையில் வடை இருந்ததால் முடியவில்லையா? அதற்கடுத்த நாள் செய்தி பழையபடி நிறுத்தப்பட்டது. டீச்சரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். அரசியல் நுழையாத ஓர் இடமாவது வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கடை எரிந்தவர் அதை எங்கே போய்ச் சொல்வார் என்றும் உடனே தோன்றுகிறது. யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் மிஞ்சுகிறது.

அண்ணன் இப்போது உயிரோடு இல்லை, வேனும் நின்றுவிட்டது. டீச்சர் என் காரில் வருகிறார். நேற்றுக் குண்டசாலையில் செய்தி தொடங்கியதும் என் கை ரேடியோவுக்குப் போய்ப் பாதியில் நின்றது.

"நிப்பாட்டவா, டீச்சர்?"

அவர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "கார் ஒங்கடதானே" என்றார்.