என் ஒரே கோலும் மச்சானின் காலும்

ஹொக்கி ஆட்டத்தில் நடுவரோடு வாதாடி வெளியே துரத்தப்பட்டவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருப்பார்கள். தான் அடித்த கோலைக் கோல் இல்லை என்று வாதாடித் துரத்தப்பட்ட மடையன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் என் வாழ்நாளில் நான் அடித்த ஒரே கோல்.

பெரியப்பா மலாயாவில் ரயில்வே உத்தியோகம் முடித்து, பென்ஷனும் ஒரு வெள்ளைத் தொப்பியும் ஒரு விசிலுமாக ஊருக்கு வந்த வருடம் அது. அங்கே ஹொக்கி ஆடியவராம். வந்த கையோடு, அரிவிவெட்டு முடிந்த வயலில் ஊர்ப் பொடியன்களைச் சேர்த்து ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார். மட்டைக்கு எங்கே போவது? வேலிப் பூவரசில் நுனி வளைந்த கொப்பாகப் பார்த்து வெட்டிக்கொண்டோம். ஒரு மாதத்துக்குள் ஊரிலுள்ள ஆடுகளுக்கெல்லாம் புதுப் பாதைகள் திறந்தன.

பெரியப்பாவுக்கு ஆட்டத்தைவிட நடத்தைதான் பெரிது. விசில் ஊதினால் மட்டையைத் தாழ்த்த வேண்டும், முகத்தைச் சுளிக்கக் கூடாது, தலைவனைத் தவிர எவனும் நடுவரோடு கதைக்கக் கூடாது. தன் குற்றத்தைத் தானே சொல்ல வருபவனுக்கு மட்டும் விலக்கு உண்டு.

எங்களுக்கு மரியாதை தெரியாதா என்ன? முதல் நாள் எல்லோரும் சாரத்தைச் சண்டிக்கட்டாக மடித்துக் கட்டிக்கொண்டுதான் இறங்கினோம். பெரியப்பா விசில் ஊதினார். பெரியவர் ஒருவர் கூப்பிடும்போது மடித்த சாரத்தோடு நிற்கலாமா? இருபத்திரண்டு பேரும் சாரத்தின் மடிப்பை அவிழ்த்துக் கீழே விட்டு, கைகட்டி நின்றோம். மறுபடி மடித்துக் கட்டி ஓடினோம். மறுபடி விசில், மறுபடி அவிழ்ப்பு. ஐந்தாம் விசிலில் அவர் தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்தார்.

“நான் இங்கை பெரியப்பாவுமில்லை, மாமாவுமில்லை. அம்பயர்! இனிச் சாரத்திலை கை வைச்சவன் வெளியாலை!”

மறுநாள் எல்லோரும் சாரத்தை விட்டுக் களிசான் போட்டுக்கொண்டு வந்தோம்.

பெரியப்பா வீட்டு விறாந்தைச் சுவரில், இரண்டு ஆணிகளின் மேல், மலாயாவிலிருந்து கொண்டுவந்த அசல் ஹொக்கி மட்டை ஒன்று கிடந்தது. கைப்பிடியில் தோல் சுற்றியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்கு எண்ணெய் பூசுவார். கடைசி ஆட்டம் முடிந்ததும், நடுவரிடம் நன்றாக நடந்துகொண்டவனுக்கு அது பரிசு என்று அறிவித்தார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மட்டை எனக்குத்தான் என்று நான் தீர்மானித்திருந்தேன். தம்பியின் மகன் நான். வேறு யாருக்குக் கொடுப்பார்?

மாமியின் மகனுக்குக் கொடுப்பார் போலிருந்தது.

அவன் எனக்கு மூன்று மாதம் மூத்த மச்சான். ஒருநாள் கோலடித்தான். நாங்கள் துள்ளிக் குதிக்கிறோம், இவன் நேரே போய்க் கையை உயர்த்துகிறான். “மாமா, அடிக்க முதல் பந்து என்ரை காலிலை பட்டது.” ஹொக்கியில் பந்து காலில் பட்டால் குற்றம். பெரியப்பா கோலை அழித்தார். நாங்கள் தோற்றோம். தோற்கடித்தவனை உதைப்பார்கள் என்று நான் ஆவலோடு காத்திருக்க, ஊரே அவனைத் தலையில் தூக்கி வைத்தது. எங்கள் வீட்டில் அன்று ஒடியற் கூழ். பெரிய நண்டுக்கால் வழக்கமாக என் கோப்பைக்குத்தான் வரும். அம்மா அதை எடுத்து அவனுடைய கோப்பைக்குள் போட்டார்.

“உவனைப் பாத்துப் படி” என்றார் என்னிடம்.

நான் அவனைப் பார்த்தேன். அவன் நண்டுக்காலைக் கடித்து உறிஞ்சிய ஒவ்வொரு தடவையும் என் வயிற்றுக்குள் என்னவோ கடிபட்டது. அவனுடைய தலைவகிட்டைப் பார்க்கப் பொறாமை. முழங்கால் காயத்தைப் பார்க்கப் பொறாமை. இரவு படுத்துக் கிடந்து என் கால்களைப் பார்த்துக்கொண்டேன். அவன் காலில் படத் தெரிந்த பந்துக்கு இவற்றில் பட என்ன கேடு?

நல்லவனாவது என்று இறங்கினேன். பெரியப்பா எனக்கெதிராக விசில் ஊதும்போதெல்லாம் “நன்றி பெரியப்பா” என்றேன். நான்காம் முறை, “வாயைப் பொத்திக்கொண்டு விளையாடு” என்றார். குற்றத்தை ஒப்புக்கொள்ளலாமென்றால், நான் வாய் திறப்பதற்குள் அவர் கண்டுபிடித்துவிடுவார். என் குற்றங்கள் வயலின் அடுத்த கரைக்கும் தெரிகிற மாதிரியானவை.

கடைசி ஆட்டம் அச்சுவேலிப் பொடியன்களோடு. முடியக் கால் மணி நேரம் இருக்கும்போது இரண்டு பக்கமும் கோல் இல்லை. பந்து எங்கோ கட்டியில் மோதி, துள்ளி, என் பூவரசுக் கொப்பின் முன்னால் வந்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். திறந்து பார்த்தபோது அச்சுவேலிக் கோல் காவலன் வாயைப் பிளந்தபடி பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். கோல்!

பெரியப்பா ஊதினார். என் கட்சிக்காரர் என்னைத் தூக்க ஓடி வந்தார்கள். அந்த நேரம் பார்த்து என் மூளையில் அந்த எண்ணெய் பூசிய மட்டை மின்னியது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் எப்போது வரும்? கையை உயர்த்தினேன்.

“பெரியப்பா, பந்து என்ரை காலிலை பட்டது.”

அவர் என் காலைப் பார்த்தார். “படேல்லை. கோல்.”

“பட்டது பெரியப்பா!”

“கோல் எண்டு சொல்லிப்போட்டன். போய் நில்.”

போயிருக்கலாம். நண்டுக்கால் விடவில்லை. “நீங்கள் வடிவாப் பாக்கேல்லை. இந்தா, இந்த விரலிலைதான் பட்டது!” என்று வலது பெருவிரலைத் தூக்கிக் காட்டினேன். ஒற்றைக் காலில் நின்றபடி, கோல் இல்லை, கோல் இல்லை என்று வயல் முழுவதும் கேட்கக் கத்தினேன்.

விசில் காதுக்குப் பக்கத்தில் அலறியது. “அம்பயரோடை வாதாடுறியோ? வெளியாலை போ!”

சிரிப்பில் அச்சுவேலிப் பொடியன்கள் வயலிலேயே குந்திவிட்டார்கள். “தம்பி, எங்கடை பக்கத்துக்கு வாறியோ? கோலுக்கை நிக்க விடுறம்!” என்று ஒருவன் கூப்பிட்டான். நான் வரம்பில் பனை வடலியோரம் போய் உட்கார்ந்தேன். பத்துப் பேரோடு ஆடிய எங்கள் பக்கத்துக்கு, என் இடத்தில் இருந்த ஓட்டையால் வந்து அவர்கள் ஒரு கோல் அடித்தார்கள். ஆட்டம் சமநிலை. என் கட்சிக்காரர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

மட்டை மச்சானுக்குப் போனது. இரண்டு கையாலும் வாங்கி, நேரே என்னிடம் வந்து நீட்டினான்.

“பிடிச்சுப் பாரன் மச்சான். நல்ல பாரம்.”

அவன் கொஞ்சம் பெருமை அடித்திருந்தாலாவது நிம்மதியாக வெறுத்திருப்பேன். அதற்கும் வழியில்லை. “எனக்கு வேண்டாம்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திருப்பிய பிறகும் அந்த எண்ணெய் மணம் வந்தது.

பெரியப்பா விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வரம்பில் நடந்தார். நான் அழுதுகொண்டே பின்னால் ஓடினேன். தம்பி பிள்ளையை விட்டுத் தங்கச்சி பிள்ளைக்குப் பட்சம் காட்டிவிட்டார், வேறு காரணமே இருக்க முடியாது என்றுதான் அன்று நம்பினேன். அதற்குப் பிறகும் பல வருடங்கள் அப்படியேதான் நம்பிக்கொண்டிருந்தேன். அவர் அன்று சொன்ன பதிலில் காரணம் முழுவதும் இருந்தும், அது என் மண்டைக்குள் ஏறவில்லை.

“மச்சான் காலிலை பட்டது எண்டு சொல்ல நம்பினீங்கள். நானும் அதைத்தானே சொன்னனான், பெரியப்பா? ஒரு சொல்லும் மாத்தேல்லையே!”

அவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

“அவன்ரை காலிலை பட்டது.”