முன்னால் நின்று அடித்த மணி

எண்பதுகளின் நடுவில் தருமபுரியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தேன். கினிப்பன்றிகளுக்குத் தீனி போடுவது, கூண்டு கழுவுவது, பேராசிரியர் தன் பெருமையை அளப்பதைக் கேட்டுக்கொண்டு நிற்பது, இவ்வளவுதான் வேலை. கூண்டு நாற்றமாவது சோப்புப் போட்டால் போய்விடும்.

உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தி சிலருக்குத் தன் உடம்பையே தாக்கத் தொடங்கிவிடும். அந்த நோய் உள்காதையும் கெடுக்குமா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. எட்டுக் கினிப்பன்றிகளுக்கு ஊசி போட்டு நோயை வரவழைத்திருந்தார். வாரம் ஒருமுறை காது கேட்கிறதா என்று சோதனை. அந்த மேதை கூண்டுக்கு எதிரே நின்று, கையை ஓங்கி, ஒரு பித்தளை மணியை விலங்கின் மூக்குக்கு நேராக ஆட்டுவார். அது மிரண்டு காதை விடைக்கும். ‘நார்மல்’ என்று எழுதிக்கொள்வார். கண் தெரிகிற எந்தப் பிராணியும் அந்தப் பரீட்சையில் பாஸ்தான்.

நாலாம் நம்பருக்குக் காது போய்விட்டது என்று எனக்குத் தெரியும். அது சுவரைப் பார்த்து மென்றுகொண்டிருக்கும்போது பின்னால் நின்று கைதட்டினேன். மற்ற ஏழும் துள்ளின. அது மென்றுகொண்டே இருந்தது.

“சார், பின்னால நின்னு அடிச்சுப் பாருங்க. காரிமங்கலம் சந்தையில மாடு வாங்கறவங்க அப்படித்தாங்க கைதட்டிப் பாப்பாங்க.”

“இது லேப்பும்மா. சந்தை இல்ல.”

சந்தைத் தரகருக்கு இருந்த மூளையில் கால்வாசி இவருக்கு இருந்திருந்தால் போதும்.

நாலாம் நம்பருக்காக நான் அடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அந்த நோயில் வருகிற மாதிரியே என் விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. இடது காதில் ஓயாத இரைச்சல். வலது காதும் மங்கத் தொடங்கியிருந்தது. பயந்துபோயிருந்தேன். இந்த நோயைப் பற்றித் தெரிந்தவர் என்று எனக்குக் கிடைத்தது அவர் ஒருவர்தான். வெட்கத்தை விட்டுச் சொன்னேன்.

அவர் எனக்கு எதிரே வந்து நின்றார். “நான் பேசறது கேக்குதா?”

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள அதற்குள் பழகியிருந்தேன். வாய் தானாக, “கேக்குதுங்க சார்” என்றது.

“அப்புறம் என்ன? எல்லாம் மனப்பிரமை. போய் வேலையப் பாரு.”

நானும் நார்மல் ஆகிவிட்டேன். அப்படிப் பதில் சொன்ன என் வாயை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

சில மாதம் கழித்து ஒருநாள், கூண்டுகளில் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தேன். திடீரென்று அவர் எதிரே வந்து மேசையில் அறைந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது. வாசலில் நின்று மூன்று முறை கூப்பிட்டாராம்.

“காதுல விழல? செவிடா நீ?”

பின்னால் நின்று அவர் செய்த ஒரே சோதனை அதுதான். அதையும் மூன்று முறை செய்திருக்கிறார். மறுநாள் முடிவை எழுதி எனக்கு மெமோ கொடுத்தார்: கீழ்ப்படியாமை.

அந்த மெமோ என் கைப்பையிலேயே கிடந்தது. பிறகு சேலத்தில் ஒரு டாக்டர், ஆறு மாதம் முன்பே வந்திருந்தால் வலது காதையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று அந்த மெமோவின் பின்பக்கத்தில்தான் எழுதிக் காட்டினார்.