மரத்தரையும் ஒரு மராத்திச் சொல்லும்

2004-ல் ஹிஞ்சேவாடி ஐ.டி. பார்க்கில் வேலை கிடைத்த திமிரில், புனேயின் கேம்ப் பகுதியில் மரத்தரை போட்ட பழைய வீட்டை வாங்கினேன். தரையைச் சரிசெய்ய இரண்டு பேர் எஸ்டிமேட் கொடுத்தார்கள். மராத்தித் தச்சர் கேட்டது இரண்டு மடங்கு. பலகையைத் தட்டிக் காட்டி, "சாஹேப், ஓல ஆஹே" என்றார்.

"ஓல்டாம்! பழசுன்னு எனக்குத் தெரியாதா?" என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். தமிழ் புரியாத தச்சரும் கூடச் சிரித்தார். அவரை அனுப்பிவிட்டு, மலிவாகக் கேட்டவரிடம் வேலையைக் கொடுத்தேன். தரை பளபளத்தது.

முதல் மழைக்கே பலகைகள் உப்பித் தூக்கிக்கொண்டன. புனேயிலேயே வளர்ந்த பக்கத்து வீட்டுத் தமிழம்மா, நான் சொன்னதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஓலன்னா ஈரம், தம்பி. அடியில தண்ணி கசியுதுன்னு அந்த ஆளு சொல்லியிருக்காரு."

தரையை இன்னொரு முறை போட்டுவிட்டேன். கூடச் சிரித்த அந்த முகத்தைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.